கோல்கொண்டா முற்றுகை

புறப்பொருள் இலக்கணத்தை வகுப்பில் பயின்ற மாணவர், பகைவரது அரணை வளைத்தலும் அதனைக் கைக்கொள்ளுதலும் உழிஞைத் திணைக்கு உரியன என்பதை அறிந்திருப்பர். வளைத்தலும் கொள்ளுதலும் ஒரு திணையில் வைத்துக் கூறப்படினும் அவை ஒரே செயல் அல்ல. முன்னது சேனையின் பெருக்கத்தால் ஆவது. பின்னது வேறு பல காரணங்களால் ஆவது. இவ்வேற்றுமையை நன்கு விளக்குவது, 1687ஆம் ஆண்டில் ஔரங்கசீப் சக்கரவர்த்தி கோல்கொண்டாக் கோட்டையை முற்றிய வரலாறு. அவருடைய சேனை அவ்வரணைச் சில நாட்களில் வளைத்துக்கொண்டது; கொள்ளுதற்கோ எட்டு மாதங்கள் வேண்டியிருந்தன. அத்தனை மாதங்கள் கழிந்தபின்னும் பீரங்கியாவது வெடிச்சுரங்கமாவது ஏணியாவது அதனைக் கொள்ளவில்லை. உள்ளே இருந்த ஒருவன் ஒரு திட்டிவாசலைத் திறந்துவிட்டான். சரித்திரப் பாடநூல்கள் இதனை ஒரு வாக்கியத்தில் அடக்கி, துரோகத்தால் கோட்டை வீழ்ந்தது என்று முடித்துவிடுகின்றன. அவ்வாக்கியம் பொய்யன்று, ஆயினும் அது பாதி உண்மையே என்பது நம் கருத்து. மற்றைப் பாதி எங்கே இருக்கிறது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலில் இடத்தை அறிதல் நன்று. ஹைதராபாத் நகருக்கு மேற்கே, சமவெளியினின்று சுமார் 400 அடி உயர்ந்து நிற்கும் கருங்கற் குன்று கோல்கொண்டா. இடையர் குன்று என்பது அப்பெயரின் பொருள் என்பர். காகதீயர் காலத்தில் மண்ணரணாக இருந்ததனை, பாமினி இராஜ்யம் சிதைந்தபோது தனியரசு நிறுவிய சுல்தான் குலி குதுப் ஷாவும் அவர் மரபினரும் கல்லரணாக்கிப் பெருக்கினர். குன்றின் உச்சியில் பாலா ஹிஸார் என்னும் உள்ளரண் உண்டு. வெளி மதிலின் சுற்றளவு நான்கு மைலுக்கு மேற்பட்டது. அதில் 87 கொத்தளங்களும் எட்டு வாயில்களும் அமைந்துள்ளன. கதவுகளில் யானை மோதாதபடி இரும்பு முனைகள் பதிக்கப்பட்டிருந்தன. கோல்கொண்டா வைரம் என்று உலகம் புகழ்வதனால் வைரச் சுரங்கம் கோட்டையினுள் இருந்ததென்று எண்ணுவாரும் உளர். வைரம் எடுக்கப்பட்டது கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் முதலிய இடங்களில், விற்கப்பட்டதே இங்கு. கோட்டையின் பெயர் கல்லுக்கு ஏறிவிட்டது.

குதுப் ஷாஹி அரசர்க்கும் மொகலாயர்க்கும் இருந்த தொடர்பு ஒரு நாளில் முறிந்ததன்று. 1636இல் அப்துல்லா குதுப் ஷா, ஷாஜஹானுக்கு அடங்கி ஆண்டுதோறும் இரண்டு லட்சம் ஹூன் திறை செலுத்த உடன்பட்டார். ஹூன் என்பது நம் நாட்டில் வராகன் என வழங்கிய பொன் நாணயம். 1656இல், தக்காணத்தின் மொகலாயப் பிரதிநிதியாக இருந்த இளவரசர் ஔரங்கசீப், இதே கோட்டையை ஒருமுறை வளைத்ததுண்டு. தந்தையின் ஆணை டில்லியினின்று வந்து தடுத்தமையால் அவர் முற்றுகையை நீக்க நேர்ந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற்போன அந்நினைவு முப்பதாண்டுகளாக அவர் மனத்தில் தங்கியிருந்ததென்று கொள்வதில் பிழையில்லை.

1672இல் அப்துல்லா இறந்தபின் அவர் மருமகர் அபுல் ஹஸன் அரியணை ஏறினார். தானாஷா என்று வழங்கப்பெறுபவர் இவரே. பத்ராசலம் இராமதாசர் கதையைக் கேட்டவர் யாவரும் இப்பெயரை அறிவர். இளமையில் ஷா ராஜு என்னும் சூபி ஞானியாரிடம் அடியவராக இருந்த இவர், அரசியற் பொறுப்பைப் பெரும்பாலும் மாதண்ணா, அக்கண்ணா என்னும் பிராமண சகோதரரிடம் ஒப்புவித்தார். 1677இல் சிவாஜி ஹைதராபாத்துக்கு வந்து உடன்படிக்கை செய்துகொண்டு, அங்கிருந்தே செஞ்சி நோக்கிப் புறப்பட்டார். பிராமணரிடம் அதிகாரத்தை விட்டதும், மகாராஷ்டிரர்க்குப் பொன் கொடுத்து உதவியதும் அபுல் ஹஸன்மேல் ஔரங்கசீப் சாற்றிய குற்றங்களுட் சில. ஆனால் முஸ்லிம் அரசர்மீது படையெடுத்தல் முறையாகுமோ என்று சக்கரவர்த்தி வினாவியபோது, அவருடைய தலைமைக் காஜியாகிய ஷேக்-உல்-இஸ்லாம் ஆகாதென்றே விடையளித்து, தம் பதவியையும் துறந்து மக்கா யாத்திரை மேற்கொண்டார் என்பதை மாணவர் மறத்தலாகாது. சமயம் இப்போரின் காரணமா, சாக்கா என்பதை ஆராய்வோர்க்கு இச்செய்தி ஒன்றே போதிய கருவியாகும்.

1685இல் இளவரசர் ஷா ஆலம் பெரும்படையுடன் வந்தார். அவரைத் தடுக்கவேண்டிய கோல்கொண்டாவின் பிரதான சேனாபதி மீர் முகம்மது இப்ராஹீம் மொகலாயர் பக்கம் சேர்ந்துவிட்டார். காவல் இழந்த ஹைதராபாத்தை விட்டு அபுல் ஹஸன் இரவோடிரவாகக் கோட்டைக்குள் புகுந்தார்; நகரம் சூறையாடப்பட்டது. பெரும்பொருள் கொடுத்தும், அமைச்சரை நீக்குவதாக வாக்களித்தும் அவர் சமாதானம் வேண்டினார். அமைச்சரை நீக்கச் சிறிது காலம் தாழ்த்தார், மற்றவர் தாழ்க்கவில்லை. 1686 மார்ச்சில், பிரபுக்கள் சிலரும் அந்தப்புரத்து மூத்த அரசியர் இருவரும் தூண்ட, மாதண்ணாவும் அக்கண்ணாவும் கோல்கொண்டாத் தெருவிலேயே வெட்டுண்டு மாய்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் பீஜப்பூர் வீழ்ந்தது. இனி எஞ்சியது கோல்கொண்டா ஒன்றே. 1687 ஜனவரி இறுதியில் சக்கரவர்த்தியே நேரில் வந்து கோட்டைக்கு எதிரே பாசறை அமைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

முதல் நாட்களிலேயே ஒரு பெரிய உயிர்ச்சேதம் நேர்ந்தது. மொகலாயத் தளபதியருள் மூத்தவராகிய கிலிச்கான், மதிலருகே ஒதுங்கியிருந்தோரைத் தாக்கி, அக்குழப்பத்தில் உள்ளே நுழைய முயன்றபோது குண்டுபட்டுக் கையை இழந்தார். வைத்தியர் எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கையில், அவர் மற்றைக் கையால் காப்பி அருந்திக்கொண்டு அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார் எனப் பாரசீக நூல்கள் கூறுகின்றன. சில நாட்களில் உயிர் நீத்தார். முற்றுகையை நடத்திய பிரோஸ் ஜங் இவர் மகன். பிரோஸ் ஜங்கின் மகனே பிற்காலத்தில் ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் மரபின் முதல்வர். பாட்டனார் உயிர்விட்ட மண்ணில் பேரர் அரசு நிறுவினார்.

இளவரசர் ஷா ஆலமுக்கு இப்போரில் மனமில்லை. சமாதானம் செய்து அபுல் ஹஸனைக் காத்தால் அப்புகழ் தமக்காகும் என்று கருதி, கோட்டைக்குள் இரகசியமாக ஓலை போக்கினார். அவ்வோலைகள் சில பிடிபட்டன. பிப்ரவரியில் சக்கரவர்த்தி தம் மூத்த மகனையும் பேரரையும் சிறையிலிட்டார். அவர்கள் மீண்டு வரப் பல ஆண்டுகள் சென்றன.

அக்காலத்து முற்றுகை எவ்வாறு நடந்ததென்பதை இங்குச் சுருங்கக் கூறுவோம். பீரங்கிகளை மதிலுக்கு எதிரே வெறுவெளியில் நிறுத்தினால் உள்ளிருப்போர் அவற்றை நொறுக்கிவிடுவர். ஆதலின் வளைந்து வளைந்து குழிவெட்டி, வெட்டிய மண்ணை முன்னே அரணாகக் குவித்து, அடிஅடியாக அகழியை நெருங்குவர். அகழிக்கரையை அடைந்தபின் அதனை மண்மூட்டைகளாலும் மரங்களாலும் தூர்ப்பர். மேடை எழுப்பிப் பீரங்கிகளை ஏற்றுவர். இல்லையேல் நிலத்தடியே சுரங்கம் குடைந்து, மதிலின் கீழ் வெடிமருந்தை நிரப்பித் திரிவைப்பர். இம்மூன்றும் கோல்கொண்டாவில் செய்யப்பட்டன. அகழி தூர்ப்பதற்கான முதற் பையைச் சக்கரவர்த்தியே உடல் தூய்மை செய்துகொண்டு தம் கையால் தைத்தார் என்று கபீகான் எழுதுகிறார். மொகலாயரது பதே ரஹ்பர் என்னும் பெரும்பீரங்கி இன்றும் கோட்டைக் கொத்தளம் ஒன்றன்மீது கிடப்பதைக் காணலாம். கருங்கல் மதிலோ அசையவில்லை. உள்ளிருந்து இரவும் பகலும் ஓயாமல் குண்டுமாரி பொழிந்தது. அங்கே வெடிமருந்துக்குக் குறைவில்லை.

மே மாதத்தில் ஓர் இரவு பிரோஸ் ஜங் ஏணி வழியை நாடினார். காவலர் கண்ணயர்ந்திருந்த ஓரிடத்தில் சில வீரர் மதிலின்மேல் ஏறியும் விட்டனர். அவ்வேளையில் மதிலருகே திரிந்த ஒரு தெருநாய் புதியவரைக் கண்டு குரைத்தது. காவலர் விழித்தனர், ஏறியவர் மாண்டனர், ஏணிகள் வெட்டுண்டு வீழ்ந்தன. இதற்கிடையே, வீரர் மதிலேறியதை மட்டும் கண்ட ஒருவன் ஓடிச்சென்று, தொழுகையில் இருந்த சக்கரவர்த்திக்கு வாழ்த்துக்கூற, பாசறையில் வெற்றி முரசு முழங்கிற்று. முரசு ஓயுமுன் உண்மை தெரிந்தது. அபுல் ஹஸன் அந்நாய்க்குப் பொற்சங்கிலி பூட்டிச் சிறப்புச் செய்தாராம். கபீகான் இதனைப் பல ஆண்டுகளின் பின்னரே எழுதியவராதலின், நிகழ்ச்சியின் நுட்பங்களில் கதைச்சுவை சிறிது கலந்திருத்தல் கூடும். முயற்சி நடந்ததும் தோற்றதும் ஐயமற்றவை.

ஜூனில் மழை தொடங்கிற்று. முந்திய ஆண்டில் மழை பொய்த்தமையால் தக்காணம் எங்கும் தானியம் அருகியிருந்தது; இப்போதோ வேண்டாத வேளையில் மிகுதியாகப் பெய்தது. மஞ்சீரா நதி பெருகி வழிகளை அடைத்தது. பாசறைக்கு வரவேண்டிய தானியப் பொதிகள் வரவில்லை. வெட்டிய குழிகள் குளங்களாயின. எழுப்பிய மேடைகள் கரைந்து சரிந்தன. பசியோடு கொள்ளைநோயும் சேர, பாசறையிலும் ஹைதராபாத் நகரிலும் மக்கள் திரள் திரளாக மடிந்தனர். புதைப்பாரும் எரிப்பாரும் இன்றிப் பிணங்கள் வெளியிற் கிடந்தன. முற்றுகை என்றால் உள்ளிருப்போர் பசியால் வாடுவர் என்பதே நாம் கொண்டுள்ள எண்ணம். கோல்கொண்டாவில் அது தலைகீழாயிற்று. உள்ளே களஞ்சியங்கள் நிறைந்திருந்தன; வெளியே, காபூல் முதல் வங்காளம் வரை ஆண்ட சக்கரவர்த்தியின் சேனை ஒருபிடி அரிசிக்கு அலைந்தது.

இதனை நன்கு விளக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். மழை கொட்டிய ஓர் இரவில் கோட்டைவீரர் வெளிப்போந்து மொகலாயரது முன்னணிக் குழிகளைத் தாக்கி, சர்பராகான் முதலிய தலைவர் சிலரைச் சிறைபிடித்தனர். அபுல் ஹஸன் அவர்களுக்கு ஊறு செய்யவில்லை. தம் தானியக் குவியல்களையும் வெடிமருந்துச் சாலைகளையும் அவர்கள் காணுமாறு சுற்றிக்காட்டி, உடையளித்து, சக்கரவர்த்திக்கு ஒரு விண்ணப்பத்துடன் திருப்பி அனுப்பினார். நாட்டைத் தம்மிடமே விட்டு அகன்றால் ஒரு கோடி ரூபாய் திறை தருவதாகவும், பசித்திருக்கும் மொகலாயச் சேனைக்குத் தம் களஞ்சியத்திலிருந்து தானியம் அளிப்பதாகவும் அதில் கண்டிருந்தது. முற்றுகைக்கு உட்பட்டவன் முற்றுகையிட்டவனுக்குச் சோறிட முன்வந்த வரலாறு வேறெங்கும் உண்டோ அறியோம். ஔரங்கசீப் ஏற்கவில்லை. அபுல் ஹஸன் தம்மை முற்றும் ஒப்புவித்தாலன்றிப் பேச்சில்லை என்றார். சேனையின் துயரைக் கண்ணாரக் கண்டும் இணங்காத அவ்வுறுதியை மெச்சுவதா, நோவதா என்பதில் நம் வகுப்பு மாணவர் இருபிரிவாகி வாதிட்டனர். நாம் இரண்டாம் பிரிவினரைச் சார்ந்தோம்.

ஜூன் 20ஆம் நாள் சுரங்கங்களுக்குத் தீயிட நாள் குறிக்கப்பட்டது. மதிலின் கீழ் மூன்று சுரங்கங்கள் ஆயத்தமாக இருந்தன. உள்ளிருந்தோரும் வாளாவிருக்கவில்லை; எதிர்ச்சுரங்கம் குடைந்து, மருந்திற் பெரும்பகுதியை எடுத்துவிட்டு நீரும் பாய்ச்சியிருந்தனர். முதற் சுரங்கம் வெடித்தது. ஆனால் உட்புறம் வலுவிழந்திருந்தமையால் வெடிப்பின் வேகம் முழுதும் வெளிப்புறம் பாய்ந்தது. மதிலேறக் காத்திருந்த மொகலாய வீரர்மீதே கல்லும் மண்ணும் பொழிய, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அப்புகை அடங்குமுன் கோட்டைவீரர் வெளிவந்து குழிகளைக் கைப்பற்றினர். அவற்றை மீட்டபின் இரண்டாஞ் சுரங்கத்திற்குத் தீயிட்டனர். அதுவும் முன்னது போலவே தன்னவரைக் கொன்றது. மறுநாள் சக்கரவர்த்தி தாமே போர்முகத்துக்கு வந்து நின்றார். மூன்றாஞ் சுரங்கம் வெடிக்கவே இல்லை. பெருமழையும் புயலும் எழுந்து தாக்குதலைக் குலைத்தன. பிரோஸ் ஜங்கும் காயமுற்றமையால் சேனைத்தலைமை இளவரசர் ஆஜமிடம் மாறிற்று. இதன்பின் மொகலாயர் மதிலை உடைக்கும் எண்ணத்தை விட்டு, கோட்டையைச் சுற்றி மரத்தாலும் மண்ணாலும் வேறொரு மதில் எழுப்பி, உள்ளே ஒன்றும் புகாதபடி செய்தனர்.

இதுகாறும் கூறியது கண்ணுக்குப் புலனாகிய முற்றுகை. இதனோடு கூடவே கண்ணுக்குப் புலனாகாத முற்றுகை ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. அதன் ஆயுதம் கடிதமும் பட்டமும். கோல்கொண்டாப் பிரபு ஒருவர் எதிர்ப்பக்கம் வந்தால் அவர்க்கு இத்தனை ஆயிரம் மன்சப் என்றும், இன்ன பட்டமென்றும், இன்ன ஜாகீர் என்றும் எழுதிய ஓலைகள் மதிலைக் கடந்து சென்றன. மீர் முகம்மது இப்ராஹீம் 1685இலேயே போயினார். முற்றுகையின்போது ஷேக் நிஜாம் என்னும் தலைவர் போயினார். பின்னர் முகர்ரப்கான் என்ற பட்டத்துடன் 1689இல் சம்பாஜியைச் சிறைபிடித்தவர் இவரே. இவ்வாறு ஒருவர் பின் ஒருவராகச் சென்றபின், தலைவர் என்று சொல்லத்தக்கார் உள்ளே எஞ்சியவர் மிகச் சிலர். அவருள் அப்துர் ரஸாக் லாரி ஒருவர். அப்துல்லா பானி என்னும் பட்டாணியர் மற்றொருவர்.

அப்துர் ரஸாக்குக்கு ஆறாயிரம் மன்சப் தருவதாக ஓலை வந்தது. அவர் கொத்தளத்தின்மேல் நின்று, யாவரும் காண அதனைக் கிழித்தெறிந்தார். அப்துல்லா பானிக்கு ஓலை வந்தது, அவர் கிழிக்கவில்லை. இவர் முன்பு பீஜப்பூரை விட்டு மொகலாயரிடமும், மொகலாயரை விட்டு அபுல் ஹஸனிடமும் வந்தவர். இருமுறை எஜமானரை மாற்றியவரிடம் வாயிற்காவல் ஒப்புவிக்கப்பட்டிருந்தது என்பதை மாணவர் நன்கு சிந்திக்கவேண்டும். நம்பத்தக்கவர் வேறொருவர் இருந்தால் அபுல் ஹஸன் இவரை அங்கு நிறுத்தியிருப்பாரோ?

பழைய ஆங்கிலப் பஞ்சாங்கக் கணக்கின்படி செப்டம்பர் 21ஆம் நாள், விடியற்கு மூன்று நாழிகைக்குக் குறையாத பொழுது இருக்கையில், அப்துல்லா பானி திட்டிவாசலைத் திறந்துவிட்டார். ருஹுல்லாகான் தலைமையில் மொகலாயர் சத்தமின்றிப் புகுந்து, பெருவாயிலைத் திறந்து மற்றவரையும் உள்ளே விட்டனர். ஆரவாரம் கேட்டு விழித்த அப்துர் ரஸாக், சேணமிடாத குதிரைமீது தாவி, ஒரு கையில் வாளும் ஒரு கையில் கேடயமுமாகப் பத்துப் பன்னிரண்டு பேருடன் அவ்வெள்ளத்தை எதிர்த்துப் பாய்ந்தார். உடன்வந்தோர் வீழ்ந்தனர். நெற்றித்தோல் கண்ணை மறைத்துத் தொங்க, உடலெங்கும் எழுபது காயங்களுடன் அவரைக் குதிரை தன் விருப்பப்படி சுமந்து சென்றது. ஒரு தோட்டத்தில் தென்னையடியில் அவர் சாய்ந்தார். மறுநாள் அவரைக் கண்டெடுத்தவர் கொல்லாமல் பாசறைக்கு எடுத்துச்சென்றனர். ஐரோப்பிய வைத்தியர் ஒருவரையும் இந்து வைத்தியர் ஒருவரையும் ஏற்படுத்திச் சக்கரவர்த்தியே அவரைப் பிழைப்பித்தார்.

அபுல் ஹஸன் அவ்விரவு நடந்துகொண்ட விதமும் குறிப்பிடத்தக்கது. அந்தப்புரத்தாரைத் தேற்றிவிட்டு, கொலுமண்டபத்தில் வந்தமர்ந்து, அழையாத விருந்தினரை எதிர்பார்த்திருந்தார். ருஹுல்லாகான் நுழைந்தபோது முகமன் கூறினார். காலை உணவு வேளையாதலின் உணவு வருவித்து உண்டார். பின்பு குதிரையேறி இளவரசர் ஆஜமிடம் சென்றார். தௌலதாபாத் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, ஆண்டுக்கு 50,000 ரூபாய் உபகாரச் சம்பளம் பெற்று, எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். நூற்றெழுபது ஆண்டுக்குச் சற்றேறக்குறைய நின்ற குதுப் ஷாஹி அரசு அத்துடன் முடிந்தது.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். கோட்டையை வீழ்த்தியவர் அப்துல்லா பானி ஒருவரா? திட்டிவாசலைத் திறந்தவர் அவரே. ஆயினும், படைத்தலைவன் போனபோது ஒரு வாயில் திறந்தது. அரசியலை அறிந்த அமைச்சர் இருவரை உள்ளிருந்தோரே தெருவில் கொன்றபோது மற்றொன்று திறந்தது. கல்லாலாகிய வாயிலே கடைசியில் திறந்தது. மொகலாய அரசு கொடுக்கக்கூடிய பட்டத்துக்கு ஈடாகத் தன் பிரபுக்களைக் கட்டி நிறுத்தும் பற்று ஒன்றும் அவ்வரசிடம் அப்போது இருக்கவில்லை. அப்துர் ரஸாக்கும் காயம் ஆறியபின் முதலில் மறுத்துப் பின்னர்ச் சக்கரவர்த்தியின் சேவையை ஏற்றார் என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. தம் அரசர் அரசராக இருந்தவரை அவர் பிரியவில்லை. அதற்குமேல் அவரிடம் நாம் என்ன கேட்கக்கூடும்?

வென்றவர்க்கும் இவ்வகை வெற்றி செலவு வைத்தது. கோட்டையில் ஏறக்குறைய ஏழு கோடி ரூபாய் கிடைத்ததென்பர். ஆனால் ஓலையில் எழுதிய மன்சப்களுக்கெல்லாம் ஜாகீர் கொடுக்கவேண்டியிருந்தது. தக்காணத் தலைவர் பலர் புதிதாகப் புகுந்தமையால் பங்கிடுதற்கு நிலம் போதாமல், பழைய குடும்பத்தார் முணுமுணுக்கத் தொடங்கினர். அரசின் பிற்கால நெருக்கடிக்கு இது பெரியதொரு காரணமென ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். சக்கரவர்த்தியும் வடநாடு திரும்பவில்லை. இருபதாண்டுகள் தக்காணத்திலேயே அலைந்து 1707இல் அகமதுநகரில் இறந்தார்.

கோல்கொண்டாவின் வீழ்ச்சி நம் சென்னைக்கும் தொடர்பற்றதன்று. கோல்கொண்டா அரசுக்கு ஆண்டுக்கு 1200 வராகன் குத்தகை செலுத்தியே ஆங்கிலக் கம்பெனியார் சென்னையை வைத்திருந்தனர். 1687இல் எலைஹு யேல் கவர்னராக இருந்தபோது எஜமானர் மாற, கம்பெனியார் புதிய எஜமானரை ஏற்றுக்கொண்டனர். குதுப் ஷாஹியின் கர்நாடகப் பகுதியைக் கைக்கொள்ள வந்த மொகலாயச் சேனை, 1690 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. எட்டு மாதம் அங்கே, எட்டு ஆண்டு இங்கே. அம்முற்றுகையின் வரலாற்றை அடுத்த ஆண்டு மலரில் தனியே எழுதக் கருதியுள்ளோம்.